காது இரைச்சலோடு வருகிறவர்களுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்

தமிழ்நாட்டின் காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் குமாரபாளையத்தில் விசைத்தறிப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். தறி ஓடும் கூடத்துக்கு அடுத்த அறையில்தான் என் மேசை. பல வருடமாக எனக்கு இரண்டு காதிலும் இரைச்சல் உண்டு. எங்கள் பக்கத்தில் இது பெரிய செய்தி கிடையாது. குமாரபாளையமோ பள்ளிபாளையமோ, அந்தப் பக்கம் சோமனூரோ பல்லடமோ, தறி ஓட்டியே வயதானவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "காது கொய்ய்னு இரையுதுங்க" என்று ஒருவராவது சொல்வார். தறி ஓடும்போது அது தெரியாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பட்டறை பூட்டிக் கிடக்கும் நாட்களில்தான் தெரியும். ஊர் முழுக்க அடங்கிவிடும், காதுக்குள் மட்டும் அடங்காது. பண்டிகை முடிந்து தறி ஓட ஆரம்பித்ததும் "அப்பாடா" என்று மூச்சு விடுகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

இந்த மடலை அரசாங்கத்துக்கு எழுதியிருக்கலாம். காது இரைச்சலை இயற்கை முறையில் அடியோடு போக்குகிறோம் என்று கைபேசியில் வரும் விளம்பரங்களைத் தடை செய்யுங்கள் என்று கேட்டிருக்கலாம். சட்டம் இல்லாமல் இல்லை. 1954ஆம் வருடத்து ஆட்சேபகரமான மருந்து விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் செவிட்டுத்தன்மையும் இருக்கிறது. அதைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016ஆம் வருடத்து விதிகளின்படி, சத்து மாத்திரை விற்கிறவர்கள் எந்த நோயையும் தீர்ப்பதாகச் சொல்லக் கூடாது. விற்கிறவர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். அதனால்தான் "குணமாகும்" என்று எழுதாமல் "காது நரம்புக்கு ஊட்டம்" என்று எழுதுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வரவழைத்த டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில் ஒரு காது, அதைச் சுற்றிப் பச்சை இலைகள், பெரிய எழுத்தில் பெயர். பின்பக்கத்தில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பினால்தான் படிக்க முடிகிற அளவில், இது மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியது அல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. வாங்கினவர் எட்டாவது வரைக்கும் தமிழில் படித்தவர்.

சட்டத்தை யாராவது இறுக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்த டப்பாவை வரவழைக்கிற ஆள் முதலில் உங்களிடம்தான் வந்தார். உங்கள் அறையிலிருந்து வெளியே போன பிறகுதான் கைபேசியை எடுத்தார். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் அறையில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள், ஆனாலும் நாற்காலியின் இந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, முறை வந்து உள்ளே போனால், "எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே காதுக்குள் விளக்கு அடிக்கிறீர்கள். "அழுக்கெல்லாம் இல்ல. சவ்வு நல்லா இருக்கு. நரம்புக் கோளாறு. இதுக்கு மருந்து கிடையாது, பழகிக்கணும்." சொல்லிக்கொண்டே சீட்டில் மூன்று மாத்திரை எழுதுகிறீர்கள். அதற்குள் அடுத்தவர் கதவைத் திறந்துவிடுகிறார். மருந்து கிடையாது என்று சொன்ன அதே நிமிடத்தில் மூன்று மருந்து எழுதினால் எங்களுக்கு என்ன புரியும்? பெரும்பாலானவர்களுக்குப் புரிவது இதுதான்: மருந்து இருக்கிறது, ஆனால் இந்த டாக்டருக்குத் தெரிந்தது பவர் குறைவு. ஒரு மாதம் சாப்பிடுவோம், இரைச்சல் அப்படியே இருக்கும், அப்புறம் பவர் கூடினதைத் தேடுவோம்.

அந்த மூன்றில் ஒன்று, நான் பார்த்த சீட்டுகளில் பெரும்பாலும், ஜின்கோ பைலோபா கலந்த மாத்திரை. இங்கேதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஜின்கோ சீனாவைச் சேர்ந்த ஒரு மரம். அதன் இலைச் சத்து ரத்த ஓட்டத்தைக் கூட்டும், அதனால் காது இரைச்சல் குறையும் என்பது வெகுநாள் நம்பிக்கை. இதைச் சோதித்தும் பார்த்தாயிற்று. பர்மிங்காமிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பாதிப் பேருக்கு ஜின்கோ, பாதிப் பேருக்கு அதே மாதிரி தெரிகிற வெற்று மாத்திரை, 12 வாரம். தொல்லை குறைந்தது என்று சொன்னவர்கள், ஜின்கோ பக்கம் கணக்கில் வந்த 360 பேரில் 34 பேர். வெற்று மாத்திரைப் பக்கம் 360 பேரில் 35 பேர். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட தொகுப்பும் இதை மாற்றிச் சொல்லவில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் கழகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஜின்கோ, மெலடோனின், துத்தநாகம் முதலிய எந்தச் சத்து மாத்திரையையும் விடாத காது இரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று நேராகவே சொல்கிறது. உங்கள் சீட்டில் இரண்டாவதாக வரும் பீட்டாஹிஸ்டினைப் பற்றி மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2020இல், வெறும் காது இரைச்சலுக்கு அதைக் கொடுக்காதீர்கள் என்றது. மெனியர் நோய் என்ற உட்காதுக் கோளாறில் தலைசுற்றலுக்கு நீங்கள் அதைக் கொடுப்பது வேறு விஷயம், அதில் நான் தலையிடவில்லை.

இவ்வளவும் உங்களுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். பின்னே ஏன் எழுதுகிறீர்கள்? வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல்தான் இருக்கும். நோயாளிக்கும் சீட்டில் ஏதாவது இருந்தால்தான் ஃபீஸ் கொடுத்ததற்குத் திருப்தி. ஆனால் விளைவைப் பாருங்கள். அந்த டப்பா விற்கிறவர்கள் போனில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "இதுல இருக்கிறது ஜின்கோ சார். பெரிய பெரிய ஈஎன்டி டாக்டருங்களே எழுதுறாங்க, வேணும்னா உங்க பழைய சீட்டை எடுத்துப் பாருங்க." எடுத்துப் பார்த்தால் இருக்கிறது. பொய் விற்கிறவருக்கு உங்கள் கையெழுத்து சாட்சி சொல்கிறது.

அடுத்து, "இயற்கைதானே, பக்க விளைவு என்ன வந்துவிடும்" என்ற எண்ணம். ஜின்கோ ரத்தம் உறைவதில் கை வைக்கக்கூடியது. இதய நோய்க்காக வார்ஃபரினோ ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுகிறவர் அதையும் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தக் கசிவு ஆபத்து கூடலாம். காது இரைச்சலோடு உங்களிடம் வருகிற அறுபது வயதுக்காரர்களில் எத்தனை பேர் ஏற்கெனவே இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள்! துத்தநாகத்தை அதிக அளவில் மாதக்கணக்காகச் சாப்பிட்டால் உடம்பில் தாமிரச் சத்து குறையும். பி6 வைட்டமின் அளவு மீறி நெடுநாள் போனால் கைகால் நரம்பையே கெடுக்கும். நரம்புக்கு ஊட்டம் என்று வாங்கியது நரம்பைக் கெடுக்கிறது. இதையெல்லாம் டப்பா சொல்லாது, போனில் பேசுகிறவர் சொல்ல மாட்டார்.

பி12 விஷயம் கொஞ்சம் வேறு. உண்மையிலேயே அந்தச் சத்து குறைந்தவர்களுக்கு ஊசி போட்டதில் பலன் தெரிந்ததாக இந்தியாவில் 40 பேரை வைத்து நடந்த சிறு ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. சத்து சரியாக இருந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. சிறு ஆய்வுதான், அதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் கறி மீன் சாப்பிடாதவர்களும் நீரிழிவுக்கு வருடக்கணக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் நம்மிடையே நிறைய. அவர்களுக்குப் பி12 குறைவது சகஜம். ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து, குறைந்திருந்தால் கொடுங்கள். பார்க்காமலே எல்லோருக்கும் பி12 எழுதுவதற்கும் டப்பா விற்பதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

"எனக்கு அந்த மாத்திரையில் குறைஞ்சதே" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. இந்த இரைச்சல் ஒரே அளவில் நிற்கிற சமாச்சாரம் கிடையாது. ஒரு வாரம் தூங்க விடாது, அடுத்த வாரம் ஞாபகமே வராது. சளி பிடித்தால் கூடும், ராத்திரி கண் விழித்தால் கூடும், வீட்டில் கடன் பிரச்சினை என்றால் கூடும். எப்போது ஒருவர் மாத்திரை வாங்கப் போகிறார்? தாங்க முடியாத உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு கொஞ்சம் இறங்குவது தானாகவே நடக்கும், பெயர் மாத்திரைக்குப் போகும். 53 நாடுகளில் காது இரைச்சல் உள்ள 1,788 பேரைக் கேட்டு 2016இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், சத்து மாத்திரை சாப்பிட்டவர்களில் 70.7 சதவீதம் பேர் ஒரு மாற்றமும் இல்லை என்றார்கள். 19 சதவீதம் பேர் குறைந்தது என்றார்கள். 10.3 சதவீதம் பேர் கூடிவிட்டது என்றார்கள். குறைந்த 19 பேர் ஊரெல்லாம் சொல்வார்கள். கூடின 10 பேர் வாயே திறக்க மாட்டார்கள், காசு போனதை யார் சொல்லிக்கொள்வார்கள்? இந்த ஏற்ற இறக்கத்தை நீங்கள் முதல் நாளே சொல்லிவிட்டால் போதும், பாதி டப்பா விற்காது.

மாத்திரையை விடப் பழையது எண்ணெய். எங்கள் வீடுகளில் நடப்பது இப்படி: இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெய் விட்டு, இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, அடுப்பில் பூண்டு சிவக்கிற வரைக்கும் காட்டுவார்கள். சிலர் ஓமம் சேர்ப்பார்கள். ஆறவைத்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, ஆளைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பஞ்சில் பிழிந்து விடுவார்கள். எருக்க இலையை வாட்டிச் சாறு பிழிகிறவர்களும் உண்டு. எண்ணெய் விட்டதும் காதில் வெதுவெதுப்பாக ஒரு அடைப்பு வரும், வெளிச் சத்தம் மங்கும், அம்மாவோ பாட்டியோ தலையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருப்பார்கள். அந்த நேரத்துக்கு இதமாகத்தான் இருக்கும். சவ்வில் ஓட்டை இருந்தால் அதே எண்ணெய் நடுக்காதுக்குள் போய்ச் சீழில் கொண்டு விடும். ஈரமும் எண்ணெயும் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். எருக்கம்பால் பட்டால் தோல் வெந்துவிடும்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1801இல் இசைமேதை பேத்தோவன் தன் நண்பரான வெகலர் என்ற மருத்துவருக்கு எழுதின கடிதத்தில், இரவும் பகலும் காது இரைந்துகொண்டே இருப்பதாகவும், ஒரு மருத்துவர் வாதுமை எண்ணெய் கொடுத்துப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை என்றும் எழுதியிருக்கிறார். இருநூறு வருடத்துக்கு மேல் ஆகியும் எண்ணெய் காதுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

எண்ணெய் விட்டதை நாங்கள் உங்களிடம் சொல்வதில்லை. சொன்னால் திட்டுவீர்கள். "யார் விடச் சொன்னா? படிச்சவங்க மாதிரியா இருக்கு?" என்று ஒரு பெரியம்மாவிடம், இரண்டு பேரன் பேத்திகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மருத்துவர் கேட்டதை நான் பக்கத்தில் இருந்தே கேட்டேன். அந்தம்மா அப்புறம் எந்த டாக்டரிடமும் வீட்டு வைத்தியத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. நாங்கள் மறைக்கிறோம், நீங்கள் கேட்பதில்லை. வார்ஃபரினும் ஜின்கோவும் ஒரே வயிற்றுக்குள் சந்தித்துக்கொள்வது இப்படித்தான்.

இதில் பெரிய நஷ்டம் பணம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரிய நஷ்டம் நாள். எங்கள் பட்டறைக்கு நூல் கொண்டு வருகிற ஒரு தம்பிக்கு, நாற்பது வயது இருக்கும், ஒருநாள் காலையில் எழுந்தபோது வலது காது அடைத்த மாதிரி இருந்தது, கூடவே பலமான இரைச்சல். நீர் கோத்திருக்கும் என்று பூண்டு எண்ணெய் விட்டார்கள். ஒரு வாரம் போனது. யாரோ சொல்லி மூலிகை கேப்ஸ்யூல் வரவழைத்தார். அது வந்து சேர்ந்து, சாப்பிட்டு, பலன் தெரியக் காத்திருந்து, கடைசியில் ஈரோட்டில், காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் ஆடியோகிராம் எடுத்தபோது நரம்புச் செவி போய்விட்டது என்று தெரிந்தது. திடீர்ச் செவி இழப்பு. உடனே வந்திருந்தால் ஸ்டீராய்டு ஆரம்பித்திருக்கலாம், இரண்டு வாரத்துக்குள் ஆரம்பிப்பதே நல்லது என்று டாக்டர் சொன்னார். ஆரம்பித்திருந்தாலும் எல்லோருக்கும் திரும்பும் என்று உறுதி இல்லை, அதையும் அவர் சொன்னார். ஆனால் அந்த வாய்ப்பே தம்பிக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு யாரும் சொல்லாத செய்தி ஒன்றே ஒன்று: திடீரென்று ஒரு காது அடைத்து இரைந்தால், அது மாரடைப்பைப் போல அவசரம். மாரடைப்புக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும் என்று கிராமத்துக் கிழவிக்கும் தெரியும். காதுக்கு அப்படி ஒரு அவசரம் உண்டு என்று பத்திரிகை படிக்கிறவர்களுக்கே தெரியவில்லை. இதை ஊருக்குச் சொல்ல உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அதே மாதிரி, ஒரு காதில் மட்டும் நெடுநாளாக இரைச்சல், நாடித் துடிப்போடு சேர்ந்து "டப் டப்" என்று அடிக்கும் இரைச்சல், இரைச்சலோடு தலைசுற்றல் அல்லது முகம் ஒரு பக்கம் இழுப்பது. இவை எல்லாவற்றிலும் உள்ளே வேறு காரணம் இருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டி வரலாம் என்பது உங்களுக்குப் பாடம். எங்களுக்கு எல்லாம் ஒரே "காது இரைச்சல்"தான், எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாதான். வேறு நோய்க்குச் சாப்பிடும் மருந்தாலும் வரும் என்பதும் தெரியாது. அதிக அளவு ஆஸ்பிரின், ஜென்டாமைசின், அமிகாசின் மாதிரி ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் எல்லாம் காதைப் பாதிக்கக்கூடியவை. அந்த மருந்து போகும்போது இரைச்சல் ஆரம்பித்தால் உடனே சொல்ல வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

சித்த, ஆயுர்வேத மருத்துவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. டப்பா விற்கும் கம்பெனி வேறு, அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் வேறு. அவர் நாடி பிடிக்கிறார், தூக்கம் எப்படி, மலம் எப்படி, மனசில் என்ன பாரம் என்று கேட்கிறார். வாரம் ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறார், ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடிக்கச் சொல்கிறார். காதுக்குள் எண்ணெய் விடாத வரைக்கும் இதில் ஒரு கெடுதலும் இல்லை. தூக்கம் சரியானால் இரைச்சலின் தொல்லை குறைவது நிஜம். கர்ணநாதம் என்று அவர்கள் பாடத்திலேயே இருக்கிறது. அவர்கள் கொடுக்கும் உள்மருந்துகளையும் ஜின்கோவைச் சோதித்த அதே முறையில், வெற்று மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்துப் பார்க்கட்டும். பலன் தெரிந்தால் முதல் ஆளாக நான் போய் வாங்குவேன். அது வரைக்கும் அவரிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு, அவர் கொடுக்கும் நேரம். நோயாளி அவரிடம் திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம் சூரணம் என்று நீங்கள் நினைக்கலாம். பெரும்பாலும் அந்த அரைமணி நேரம்தான்.

அரைமணி நேரம் உங்களால் முடியாது. ஓ.பி.யில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று நாங்களும் பார்க்கிறோம். பத்து நிமிடம் கேட்கிறேன். பத்து நிமிடத்தில் சொல்ல என்ன இருக்கிறது என்றால், நிறைய இருக்கிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லுங்கள். உட்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் சத்தத்தாலோ வயதாலோ கெட்டால் மறுபடி முளைக்காது. மூளைக்குப் போகும் செய்தி குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட மூளை தன் கேட்கும் பகுதியைக் கூர்மையாக்குகிறது, அப்போது அதன் சொந்த நரம்புச் சலசலப்பே சத்தமாகக் கேட்க ஆரம்பிக்கிறது. இந்த விளக்கம் ஒன்றே பலருக்குப் பாதி மருந்து. ஏனென்றால் இரைச்சல் வந்தவர் உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பது மூளைக் கட்டிக்கும், பைத்தியத்துக்கும், முழுச் செவிடு ஆகிவிடுவோமோ என்பதற்கும். நல்ல காது உள்ளவர்களுக்கும் முழு அமைதியில் சத்தம் கேட்கும் என்று சொல்லுங்கள். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் காது கோளாறு இல்லாத 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்துக் கேட்டபோது, 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். இதை நான் பட்டறையில் சொன்னபோது ஒரு அண்ணன் "அப்ப எனக்கு மட்டும் இல்லியா?" என்றார். அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

அப்புறம், மாத்திரைக்கு முன்னால் ஆடியோகிராம். காது மந்தமானவருக்கு இரைச்சலும் இருந்தால், காது மிஷின் போட்டதும் வெளிச் சத்தம் உள்ளே வந்து இரைச்சல் பின்னுக்குப் போவது பலருக்கு நடக்கிறது. எங்கள் ஊரில் மிஷின் என்றாலே வெட்கம். "கண்ணாடி போடுறதுக்கு வெட்கப்படுறீங்களா?" என்று வெள்ளைக் கோட்டு போட்ட நீங்கள் கேட்டால் அதற்கு எடை வேறு. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் தகுதி உள்ளவர்களுக்கு மிஷின் இலவசமாகக் கிடைக்கிறது என்ற தகவலையும் சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

ராத்திரிக்கு என்ன செய்வது என்று சொல்லுங்கள். அமைதியில்தான் இது தலை தூக்கும். மின்விசிறியை ஓட விடுவது, ரேடியோவைத் தாழ்வாக வைப்பது, மழைச் சத்தமோ ஆற்றுச் சத்தமோ கைபேசியில் போட்டுவிடுவது என்று காசில்லாத வழிகள் இருக்கின்றன. இரைச்சலை மூழ்கடிக்கிற அளவுக்கு வைக்க வேண்டாம், அதை விடக் கொஞ்சம் தாழ்வாக இருந்தால் போதும் என்ற நுணுக்கத்தை காது கேட்பதைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் ஒருவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். பட்டறைக்குப் போகிறவருக்குக் காதடைப்பான் போடச் சொல்லுங்கள். தறிக்கூடத்தின் சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும், இருக்கிற செல்களையாவது காப்பாற்ற வேண்டும். ஆனால் வீட்டிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், அது இரைச்சலைத்தான் பெரிதாக்கும்.

இத்தனை வருட ஆராய்ச்சியில், தொல்லையைக் குறைப்பதில் மற்ற எதையும் விட நன்றாக நிரூபணமானது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது பேச்சின் மூலம் எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்குவது. 2020இல் காக்ரேன் தொகுத்த 28 ஆய்வுகளில் 2,733 பேர். சத்தத்தின் அளவை அது குறைப்பதில்லை, சத்தம் வாழ்க்கையை ஆட்டி வைப்பதைக் குறைக்கிறது. எந்தச் சீட்டிலும் இதை நான் பார்த்ததில்லை. மனநல நிபுணரிடம் அனுப்பினால் "என்னைப் பைத்தியம்னு சொல்றீங்களா" என்று நோயாளி கோபப்படுவார் என்று தயங்குகிறீர்கள். தயக்கம் நியாயம்தான். ஆனால் முதலில் மூளை எப்படி அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று விளக்கிவிட்டு, பிடியை விடப் பழக்குகிற பயிற்சி இது என்று சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள். எல்லா ஊரிலும் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இல்லை என்பது உண்மை. இருக்கிற ஊர்களிலாவது அனுப்புங்கள்.

இன்னொன்றைத் தயவுசெய்து கேளுங்கள்: தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா, உயிர் வாழவே வெறுப்பாக இருக்கிறதா என்று. பெரும்பாலானவர்கள் இதோடு பழகிவிடுவார்கள். சிலர் உடைந்துபோகிறார்கள். வெளியே காயம் இல்லை, காய்ச்சல் இல்லை, வீட்டில் சொன்னால் "எல்லாம் உன் நினைப்பு" என்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐக் கொடுங்கள், தமிழிலேயே பேசலாம். "பழகிக்கோங்க" என்ற ஒற்றைச் சொல்லோடு அவரை அனுப்பிவிடாதீர்கள். பழக முடியும் என்பது உண்மை, எப்படிப் பழகுவது என்று சொல்லாமல் விட்டால் அது கைவிட்ட மாதிரிதான் கேட்கும்.

மாத்திரை எழுதித்தான் ஆக வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், எதற்கு எழுதுகிறீர்கள், எத்தனை வாரத்தில் பலன் தெரியவில்லை என்றால் நிறுத்த வேண்டும் என்று சொல்லி எழுதுங்கள். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, நாட்டு மருந்து ஏதாவது, காதுல ஏதாவது விட்டீங்களா? சும்மா சொல்லுங்க, திட்ட மாட்டேன்" என்று கேளுங்கள். அந்தக் கடைசி இரண்டு வார்த்தை ரொம்ப முக்கியம்.

பத்து நிமிடமும் முடியாத நாட்கள் இருக்கும். அதற்கு ஒரு யோசனை. மேலே சொன்னதையெல்லாம் ஒரே தாளில், முன்னும் பின்னும், பெரிய எழுத்தில், நல்ல தமிழில் அச்சடித்து ஓ.பி.யில் வைக்கலாம். எப்போது உடனே ஓடி வர வேண்டும் என்பது மேலே, கட்டம் கட்டி. எந்த மாத்திரைக்கு ஆதாரம் இல்லை, எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்பது அதற்குக் கீழே. ராத்திரிக்கு என்ன செய்வது என்பது பின்பக்கம். படிக்கத் தெரியாதவர்களுக்கு நர்ஸ் அக்காவோ கூட வந்த பிள்ளைகளோ படித்துக் காட்டுவார்கள். டோக்கனோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால், காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் படித்து, கேள்வியோடு உள்ளே வருவோம்.

அந்தத் தாளின் முதல் வரைவை எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் பட்டறை ஆட்களிடம் படித்துக் காட்டி, புரியாத சொற்களை மாற்றியும் ஆயிற்று. மருத்துவ விஷயம் சரியா என்று திருத்த ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் வேண்டும். குமாரபாளையம், பவானி, ஈரோடு பக்கத்தில் உங்களில் யாராவது ஒருவர் ஒப்புக்கொண்டால் அச்சுச் செலவைப் பட்டறைக்காரர்கள் பார்த்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானே உங்கள் கிளினிக்குக்கு எடுத்து வருகிறேன்.

மரியாதையுடன்,
குமாரபாளையத்திலிருந்து ஒரு தறிப்பட்டறைக் கணக்கர்